கோசி ஆறும் ஒரு வாராக்கடனும்

போன வாரம் என் பொண்ணு சமூக அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகின் பெரிய ஆறுகள் என்று ஒரு அட்டவணை. நைல், அமேசான், யாங்சே, மிசிசிப்பி, பக்கத்தில் நீளம். முதலிடம் எதற்கு என்று அவளுக்கும் தங்கமணிக்கும் வாக்குவாதம். (நைலா அமேசானா என்று அளப்பவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்று நடுவில் போய்ச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை விரட்டிவிட்டார்கள்.)

அந்த அட்டவணையில் கோசி இல்லை. எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், எப்படி இருக்கும்? ஆனால் பாட்னாவுக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் சஹர்சா பக்கம் ஒரு கிளையில் இரண்டரை வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஆற்றை நீளத்தால் அளப்பதில் எனக்கு நம்பிக்கை போனது அங்கேதான். கோசியை அகலத்தால்தான் அளக்க வேண்டும். அதுவும் இன்றைய அகலத்தால் அல்ல, முன்னூறு வருஷத்தில் அது எங்கெல்லாம் ஓடியதோ அத்தனையையும் சேர்த்து.

எவரெஸ்ட்டும் கஞ்சன்ஜங்காவும் கோசியின் நீர்ப்பிடிப்புக்குள் வருகின்றன. திபெத்திலிருந்து வரும் அருண், கூடவே சுன் கோசி, தமூர் மூன்றும் நேபாளத்தில் கலந்து, சத்ரா என்ற இடத்தில் மலையை விட்டு இறங்குகின்றன. மலையில் ஓடும்வரை வேகம். சமவெளிக்கு வந்ததும் வேகம் செத்துவிடும். சுமந்து வந்த மணலையும் வண்டலையும் அங்கேயே போட்டுவிடும். போட்ட மண்ணில் தன் வழியே மேடாகிவிட, பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி ஓடும். இப்படியே 18ஆம் நூற்றாண்டில் பூர்ணியா பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஆறு, இருநூறு வருஷத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்துவிட்டது.

சுதந்திரம் வந்ததும் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார்கள். 1954இல் நேபாளத்தோடு ஒப்பந்தம். 1955 ஜனவரியில் இரண்டு பக்கமும் மண்கரை எழுப்பும் வேலை ஆரம்பம். 1963இல் எல்லையில் பீம்நகர் கதவணை. அலைந்துகொண்டிருந்த ஆறு இரண்டு கரைகளுக்கு நடுவில் அடைபட்டது. கரைக்கு வெளியே மக்கள் நிம்மதியாக நெல் போட்டார்கள், பக்கா வீடு கட்டினார்கள். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை.

ஆனால் வண்டல்? அது எங்கே போகும்? கரைக்குள்ளேயேதான் படிந்தாக வேண்டும்.

இதை நமக்கு முன்னால் செய்து பார்த்தவர்கள் சீனர்கள். மஞ்சள் ஆற்றுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகக் கரை கட்டுகிறார்கள். படுகை உயர உயர, கரையையும் உயர்த்தினார்கள். இன்று கைஃபெங் நகரத்தின் தரையைவிட ஆற்றின் படுகை உயரத்தில் இருக்கிறது. 1855இல் அந்த ஆறு கரையை உடைத்துக்கொண்டு கிளம்பியபோது, ஷான்டுங் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் கலந்துகொண்டிருந்தது வடக்கே போய்க் கலந்தது. 1938இல் ஜப்பானியப் படையைத் தடுக்கச் சீன அரசே ஹுவாயுவான்கோவ் என்ற இடத்தில் கரையை வெட்டிவிட்டது. செத்தவர்கள் லட்சக்கணக்கான சொந்தக் குடிமக்கள். 1947 வரை ஆறு பழைய வழிக்குத் திரும்பவில்லை.

எங்கள் தொழிலில் 'எவர்கிரீனிங்' என்று ஒரு கெட்ட வார்த்தை உண்டு. ஒருவர் கடனைக் கட்டமாட்டார். கணக்கு வாராக்கடன் ஆனால் மேலிடத்தில் திட்டு விழும். அதனால் மார்ச் முடிவதற்குள் அவருக்கே இன்னொரு கடனைக் கொடுத்து, பழைய வட்டியைக் கட்டவைத்துவிடுவார்கள். ஏட்டில் எல்லாம் பச்சைப்பசேல். உள்ளே பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். கரையை ஒவ்வொரு முறையும் உயர்த்துவது எனக்கு அப்படித்தான் தெரிகிறது. வண்டல்தான் வட்டி.

கணக்குப் பிள்ளை புத்தி என்று சிரிக்க வேண்டாம். 1954இல் பீகாரில் மொத்தம் 160 கிலோமீட்டர் கரை இருந்தது, வெள்ள அபாயமுள்ள நிலம் 25 லட்சம் ஹெக்டேர். இன்று கரை 3,700 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அபாயமுள்ள நிலமோ 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல். முதலீட்டைப் பல மடங்கு பெருக்கியும் நஷ்டம் கூடினால், எந்தத் தணிக்கையாளரும் கேள்வி கேட்பார்.

2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. அன்றைக்குப் பெருவெள்ளம் எதுவும் இல்லை. விநாடிக்கு ஒன்பதரை லட்சம் கன அடி தாங்கும்படி திட்டமிட்ட இடத்தில், அதில் கால் பங்குகூட ஓடவில்லை. ஆறு நேராகப் பழைய தடங்களைத் தேடிப் போனது. சுபௌல், மதேபுரா, அராரியா என்று பாதிக்கப்பட்டவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். "கோசி எங்கள் தாத்தா காலத்தோடு போய்விட்டது" என்று இருந்த ஊர்கள் அவை. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மூன்று வருஷம் ஆகியிருந்தது. வயலில் மணல் இன்னும் முழங்கால் உயரம்.

இது வெளியே இருந்தவர்கள் கதை. உள்ளே இருப்பவர்களை யாரும் பேசுவதில்லை. இரண்டு கரைகளுக்கு நடுவில் முன்னூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருக்கின்றன. வருஷா வருஷம் வெள்ளம் அவர்கள் வீட்டுக்குள். வங்கி மொழியில் சொன்னால், வெளியே இருப்பவர்களின் பாதுகாப்புக்குக் கையெழுத்து வாங்காமல் ஜாமீன்தாரர் ஆக்கப்பட்டவர்கள்.

2024 செப்டம்பர் கடைசியில் கதவணையில் 6.61 லட்சம் கன அடி வந்தது. 1968க்குப் பிறகு அவ்வளவு வந்ததில்லை. தர்பங்கா மாவட்டத்தில் மேற்குக் கரை உடைந்தது. மறுபடி அடைத்தார்கள். 2025 மார்ச்சில் கோசியையும் மேச்சி ஆற்றையும் இணைக்கும் 6,282 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பாசனத்துக்கு நல்லதாக இருக்கலாம். எனக்கு ஒரே ஒரு ஆசை. வங்கிகள் வாராக்கடனை வெளியிடுவதுபோல, ஆற்றின் படுகை எங்கே எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று வருஷா வருஷம் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில் வெளியிடட்டும். உள்ளே இருப்பவர்களின் நிலத்தை ஆறு வைத்திருக்கும் வருஷங்களுக்கு வாடகை கொடுக்கட்டும். கரையை ராத்திரியோடு ராத்திரியாக இடிக்க முடியாது, அது எனக்கும் தெரியும்.

வாடகை என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பெரியவர். படகில் வந்து, அப்புறம் ஆறு கிலோமீட்டர் நடந்து எங்கள் கிளைக்கு வந்தார், பயிர்க்கடன் கேட்டு. பிளாஸ்டிக் உறையில் நிலவரி ரசீதுகளை அடுக்கி வைத்திருந்தார். ஒரு வருஷம் விடுபடவில்லை. நிலம் எங்கே என்றேன். "இப்போ தண்ணிக்குள்ள இருக்கு சாஹேப்" என்றார். அடமானத்துக்கு ஒரு நிலமும் பயிர் வைக்க இன்னொரு நிலமும் வேண்டும் என்று அசட்டுத்தனமாக ஏதோ விளக்கினேன். விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்தான். விதிப்படி சரி.

அவர் கோபப்படவில்லை. ரசீதுகளை மறுபடி உறைக்குள் போட்டுக்கொண்டு, "ஆறு அந்தப் பக்கம் தள்ளிப் போனா நிலம் வெளிய வரும். அப்போ வரட்டுமா?" என்று கேட்டார். வாங்க என்றேன். அடுத்த ஏப்ரலில் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.