பாண்டிச்சேரி ஷார்க்: ஊர் பெயர் வாங்கிய சுறா எங்கே?

பிள்ளை பெற்ற வீட்டுக்கு 'பால் சுறா' கேட்டு வாங்கிப் புட்டு செய்து கொடுப்பது கடற்கரை ஊர்களில் பழைய வழக்கம். அந்தச் சின்னச் சுறாவுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் தெரியுமா? 'மில்க் ஷார்க்'. பால் சுறாவை அப்படியே மொழிபெயர்த்தது போல இருக்கிறதல்லவா? இதைச் சாப்பிட்டால் தாய்க்குப் பால் ஊறும் என்ற நம் பக்கத்து நம்பிக்கையிலிருந்துதான் அந்த இங்கிலீஷ் பெயர் வந்தது என்கிறார்கள்.

மில்க் ஷார்க் இன்றும் மார்க்கெட்டுக்கு வருகிறது. இந்த வார இங்கிலீஷ் உலாவில் நாம் தேடப்போவது வராமல் போன இன்னொரு சுறாவை. அதன் பெயர் 'பாண்டிச்சேரி ஷார்க்'. ஆமாம், நம்ம பாண்டியேதான்! ஊர் பெயரோடு உலகம் முழுக்க இங்கிலீஷ் புத்தகங்களில் இருக்கும் இந்தச் சுறாவை, ஊர்க்காரர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

1839-ல் பெர்லினைச் சேர்ந்த முல்லர், ஹென்லே என்ற இரண்டு அறிஞர்கள் சுறாக்களையும் திருக்கைகளையும் பற்றி வெளியிட்ட பெரிய நூலில்தான் இந்தச் சுறா முதலில் பதிவானது. அந்தப் பகுதியை எழுதியவர் பாரிஸ் அருங்காட்சியகத்தின் வலென்சியென். அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று புதுச்சேரியிலிருந்து போன, பாடம் செய்யப்பட்ட ஒரு குட்டிச் சுறா. நீளம் அரை மீட்டர்கூட இல்லை. அவர் வைத்த அறிவியல் பெயரில் 'ஹெமியோடான்' என்று ஒரு சொல் வரும். கிரேக்கத்தில் 'ஹெமி' என்றால் பாதி, 'ஓடான்' என்றால் பல். அரைப்பல் சுறா!

அதே நூலில் வலென்சியென் இன்னொரு சுறாவுக்கும் பெயர் வைத்தார். 'சோரா'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் கோரமண்டல் கரையின் சொல்தான் அது. தமிழில் சுறா, தெலுங்கில் சொர. அதற்கு லத்தீன் வேஷம் போட்டு உலகத்துக்கே பொதுப்பெயராக்கிவிட்டார்கள். அந்தச் சுறாவை இங்கிலீஷில் 'ஸ்பாட் டெயில் ஷார்க்' என்பார்கள்.

சரி, 'ஷார்க்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? இங்கிலீஷ்காரர்களுக்கே உறுதியாகத் தெரியாது. 16-ம் நூற்றாண்டில் கப்பல்காரர்கள் வழியாகப் பரவிய சொல் அது. இன்று அதற்கு மீன் என்ற பொருள் மட்டும் இல்லை. 'லோன் ஷார்க்' என்றால் கந்துவட்டிக்காரர். விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

பாண்டிச்சேரி ஷார்க் சேர்ந்திருக்கும் குடும்பத்தின் பெயர் இன்னும் சுவாரஸ்யம். 'ரெக்வியம் ஷார்க்ஸ்'. இங்கிலீஷில் 'ரெக்வியம்' என்றால் இறந்தவர்களுக்காக தேவாலயத்தில் நடக்கும் வழிபாடு. பிரெஞ்சு படித்த புதுவைத் தாத்தா பாட்டிகளைக் கேட்டால், சுறாவுக்கு பிரெஞ்சில் 'ரெக்கேன்' என்பார்கள். இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள உறவு பற்றிச் சொல்லாராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தக் குடும்பத்துச் சுறாக்கள் முட்டையிடாமல் குட்டி போடும். அந்தக் குட்டிக்கு நாய்க்குட்டி போலவே 'பப்' என்றுதான் பெயர். சிங்கக்குட்டியைச் சொல்லும் 'கப்' இங்கே வராது.

பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஊரை ஒப்படைத்துவிட்டார்கள். 2006-ல் ஊரின் பெயரும் புதுச்சேரி என்று மாறிவிட்டது. சுறா மட்டும் இன்னும் 'பாண்டிச்சேரி ஷார்க்'தான். பெயர் இருக்கிறது, மீனைத்தான் காணோம்.

உலக அருங்காட்சியகங்களில் இதன் மாதிரிகள் 20-க்கும் குறைவு. பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்குபவை. ஓமன் வளைகுடாவிலிருந்து இந்தியா, இந்தோனேசியா, நியூ கினி வரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்தவை. 1979-க்குப் பிறகு உறுதியான ஒரு மாதிரிகூடக் கிடைக்கவில்லை. கரையை ஒட்டி வாழும் சின்னச் சுறா. அந்தக் கரையை ஒட்டித்தான் வலைகளும் அதிகம். சுறாக்கள் வளர்ந்து குட்டி போடவே வருஷங்கள் ஆகும். மத்தி மீன்போல ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு ஈடுகட்ட அவற்றால் முடியாது.

அப்படியானால் இந்தச் சுறா அழிந்துவிட்டதா? இங்கேதான் இந்த வாரப் பாடம்.

இங்கிலீஷில் 'எக்ஸ்டிங்ட்' என்றால் அடியோடு அழிந்தது, இனி இல்லை. டைனோசர் எக்ஸ்டிங்ட். 'எண்டேஞ்சர்டு' என்றால் ஆபத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் 'கிரிட்டிக்கலி' சேர்ந்தால், ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் நிலை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் பாண்டிச்சேரி ஷார்க் இருப்பது இந்த ஐ.சி.யூ. வார்டில்தான்.

மூன்றாவதாக ஒரு சொல் உண்டு: 'லாஸ்ட்'. தொலைந்தது. வீட்டில் சாவி தொலைந்தால் சாவியே உலகத்தில் இல்லை என்று யாரும் சொல்வதில்லை, தேடுகிறோம். 2017-ல் ஒரு சர்வதேச அமைப்பு 'தொலைந்த உயிரினங்களைத் தேடுவோம்' என்று 25 பெயர்களை முன்வைத்தது. அதில் நம் ஊர்ச் சுறாவும் ஒன்று. அதே பட்டியலில் இருந்த வாலஸ் ராட்சதத் தேனீ, இரண்டே வருஷத்தில் இந்தோனேசியக் காட்டில் உயிரோடு கிடைத்தது. நம் சருகுமானுக்குச் சொந்தக்காரரான ஒரு குட்டி விலங்கு வியட்நாமில் தானியங்கி கேமராவில் சிக்கியது. 'எக்ஸ்டிங்ட்' என்று எழுதி மூடியிருந்தால் யாராவது கேமரா வைத்திருப்பார்களா?

இப்போது வாக்கியத்துக்கு வருவோம். 'இட் வாஸ் லாஸ்ட் சீன் இன் 1979' என்றால், கடைசியாக 1979-ல் பார்த்தார்கள். நடந்து முடிந்த சம்பவம். 'இட் ஹாஸ் நாட் பீன் சீன் சின்ஸ் 1979' என்றால், அன்றிலிருந்து இன்று வரை யாரும் பார்க்கவில்லை. இதில் இன்றைய நாளும் சேர்ந்திருக்கிறது. நாளை காலை யாராவது பார்த்துவிட்டால் இந்த வாக்கியம் பொய்யாகிவிடும். பார்ப்பதற்கு வழி விட்டு வைத்திருக்கும் வாக்கியம் இது. இலக்கணப் புத்தகத்தில் இதற்கு 'பிரசன்ட் பர்ஃபெக்ட்' என்று பெயர்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. 'நாற்பது வருஷமா பார்க்கவில்லை' என்பதை நம்மில் பலர் 'சின்ஸ் ஃபார்ட்டி இயர்ஸ்' என்று சொல்லிவிடுவோம். தவறு. தொடங்கிய ஆண்டைச் சொன்னால்தான் 'சின்ஸ்': சின்ஸ் 1979. எத்தனை காலம் என்று சொன்னால் 'ஃபார்': ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ். தமிழில் இரண்டுக்கும் சமயத்தில் ஒரே 'ஆ' போதும் என்பதால் வரும் குழப்பம் இது. இன்டர்வியூவில் 'எத்தனை வருஷமா இங்கே இருக்கீங்க?' என்று கேட்டால்கூட இதே விதிதான்.

ஊர் பெயர் வாங்கிய எல்லா உயிரினத்துக்கும் இந்தக் கதி இல்லை. கௌதாரியின் அறிவியல் பெயரில் 'பொண்டிசேரியானஸ்' இருக்கிறது. 1789-ல் ஜெர்மானியர் ஜிமெலின் வைத்த பெயர். இங்கிலீஷில் 'கிரே ஃபிராங்கொலின்'. ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டுப் பக்கம் அதிகாலையில் போனால் அதன் உரத்த குரல் இன்றும் கேட்கும்.

சுறாவுக்குக் குரலும் கிடையாது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கொட்டப்படும் மீன் குவியலில் ஒன்று கிடந்தாலும் தெரியாமல் போகலாம். அதன் அடையாளம் மார்புத் துடுப்பு, இரண்டாவது முதுகுத் துடுப்பு, வால் ஆகியவற்றின் நுனியில் இருக்கும் கறுப்பு. துடுப்புக்கு இங்கிலீஷில் 'ஃபின்'. சிக்கல் என்னவென்றால், மேலே சொன்ன 'சோரா' சுறாவுக்கும் ஏறக்குறைய அதே கறுப்பு நுனிகள் உண்டு. பல்லைப் பார்த்துத்தான் நிபுணர்கள் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. 2001-ல் இந்தச் சுறாவை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், சேர்த்தார்கள். பிடிப்பதும் விற்பதும் குற்றம். நல்ல சட்டம்தான். ஆனால் வலையில் தற்செயலாக ஒன்று ஏறினால், வெளியே சொன்னால் வம்பு வருமோ என்று பயந்து ஒரு மீனவர் பேசாமல் இருந்துவிட்டால்? தேடுபவர்களுக்கு முதலில் வேண்டியது அவருடைய சாட்சிதான். உயிரோடு இருந்தால் கடலில் விட்டுவிடலாம். விடுவதற்கு முன் பக்கவாட்டில் ஒரு படம், வாயைக் காட்டி ஒரு படம், அளவு தெரிய பக்கத்தில் ஒரு பொருள். போனில் அரை நிமிஷ வேலை. மீன்வளத் துறைக்கோ, சென்னையில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கோ அனுப்பலாம்.

இந்த வாரப் பயிற்சி: 'நான் இதுவரை சுறாவைப் பார்த்ததில்லை', 'நேற்று துறைமுகத்தில் ஒரு சுறாவைப் பார்த்தேன்'. இரண்டையும் இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். எதில் 'ஹாவ்' வரும், எதில் 'சா' வரும்? விடை அடுத்த வாரம்.