சண்டை லத்தீன் பாஷைக்காக அல்ல!

கேட் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். நூற்புப் பகுதியில் வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தோழர் ஒருவர் கேட்டார்: “எங்கள் பாளையங்கோட்டையில் ஒரு சபை இருக்கிறது. இன்றைக்கும் லத்தீனில்தான் பூசை வைக்கிறார்கள். போப்பாண்டவர் பேச்சைக்கூடக் கேட்பதில்லையாம். அப்படியானால் அவர்களும் நம்மைப்போல மேலிடத்தை எதிர்த்து நிற்கிறவர்கள்தானே?”

பக்கத்தில் நின்ற இன்னொரு தோழருக்குப் பொறுக்கவில்லை. “சாமியார்கள் சண்டை நமக்கு எதற்கு? பஞ்சப்படி விஷயத்தைப் பேசுங்கள்” என்றார்.

பஞ்சப்படியைப் பேசத்தான் வேண்டும், பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் முதல் தோழர் கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. மேலிடத்தை எதிர்க்கிறவனெல்லாம் கலகக்காரன் ஆகிவிடுவானா? பண்ணையார் சவுக்கைக் கீழே வைத்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டு கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனால், அவனுக்குப் பண்ணையாட்கள் மாலை போடுவார்களா?

இந்தக் கணக்குப்பிள்ளையின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

பிரான்ஸ் தேசத்தின் வடக்கே தூர்க்குவான் என்று ஒரு ஊர். ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே 1905-ல் ஒரு நூற்பாலை முதலாளியின் மகனாகப் பிறந்தவர் மார்ஸெல் லெபேவர். தகப்பனார் ரெனே லெபேவர் தினசரி பூசைக்குப் போகிறவர். குடியரசு வேண்டாம், மன்னராட்சியே வேண்டும் என்ற கொள்கைக்காரர். ஆனால் ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுவோம். அந்த முதலாளி நாஜிகளை எதிர்த்து வேலை செய்தார். பிடிபட்டு, 1944-ல் ஸொன்னென்பர்க் சிறை முகாமில் மாண்டார். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

மகன் குருவானார். பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் கொடி பறந்த ஆப்பிரிக்காவுக்குப் போனார். செனகல் நாட்டின் தாக்கர் நகரில் அதிமேற்றிராணியார் ஆனார். ஆப்பிரிக்க இளைஞர்களைக் குருமாராக்கினார், அதையும் மறுப்பதற்கில்லை. 1960-ல் செனகல் விடுதலை பெற்றது. 1962-ல் லெபேவர் இருந்த பீடத்தில் அந்த மண்ணின் மைந்தரான தியாந்தும் அமர்ந்தார். லெபேவர் ஐரோப்பா திரும்பினார்.

அதே வருஷம் ரோமாபுரியில் பெரிய சங்கம் கூடியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்று சொல்வார்கள். 1965 வரை நடந்தது. ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில் பூசை நடக்க வழி பிறந்தது அதற்குப் பிறகுதான். லெபேவர் கூட்டத்தார் கொதித்தது பாஷைக்காக மட்டுமா? இல்லை. அந்தச் சங்கம் 1965 டிசம்பரில் இன்னொரு தீர்மானமும் செய்தது. மத விஷயத்தில் எந்த அரசாங்கமும் யாரையும் பலவந்தப்படுத்தக் கூடாது, மனச்சாட்சிப்படி நடக்க மனிதனுக்கு உரிமை உண்டு என்பதே அது. இதைத்தான் அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை. அரசாங்கம் கத்தோலிக்க அரசாங்கமாக இருக்க வேண்டும். மற்ற மதங்களைப் பொறுத்துக்கொள்ளலாமே தவிர, அவை உரிமை என்று கேட்க முடியாது என்பது இவர்கள் வாதம்.

இந்தப் பாட்டை நாம் கேட்டிருக்கிறோம். ராகம் வேறு, பாட்டு ஒன்றுதான். ‘இது எங்கள் மதத்தின் தேசம்; மற்றவர்கள் ஒதுங்கி இருக்கட்டும்’ என்று நம் நாட்டிலும் காவிக்கொடி பிடித்துச் சொல்கிறார்களே! லெபேவரின் சித்தாந்தத்தை இங்கே அவர்கள் கையில் கொடுத்தால் பாளையங்கோட்டையில் மணி அடிக்க முடியுமா?

சங்கத்தின் மேல் இவருக்கிருந்த கோபத்தின் வேர் எங்கே என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். பிரெஞ்சுப் புரட்சியின் ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்ற மூன்று விஷயங்களும் திருச்சபைக்குள் புகுந்துவிட்டன என்பதே குற்றச்சாட்டு. சண்டை லத்தீனுக்காக என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஆலை முதலாளியின் மகனுக்கு 1789 இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது! கம்யூனிஸத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும் என்று அந்தச் சங்கத்தில் நூற்றுக்கணக்கான மேற்றிராணிமாரின் கையெழுத்துடன் மனுக் கொடுத்த கோஷ்டியிலும் இவர் முன்னணியில் நின்றார். சங்கம் அப்படிப் பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லை. அதுவும் ஒரு மனக்குறை.

1970-ல் ஸ்விட்ஸர்லாந்தில் ‘பத்தாம் பத்திநாதர் சபை’யைத் தொடங்கினார். எக்கோன் என்ற கிராமத்தில் குருமடம் வைத்தார். 1975-ல் சபைக்குக் கொடுத்த அங்கீகாரம் ரத்தாயிற்று. தடையை மீறி 1976 ஜூன் மாதம் குருப்பட்டம் கொடுத்தார். ஜூலையில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இவரைக் குருத்துவப் பணியிலிருந்து ‘ஸஸ்பெண்டு’ செய்தார். நம் ஆலைகளில் ஸஸ்பெண்டு ஆனவனுக்குப் பாதிச் சம்பளம் வாங்குவதற்குள் உயிர் போய்விடும். இவருக்கோ ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது.

அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 1976 ஆகஸ்டு 29-ந் தேதி, தூர்க்குவானுக்குப் பக்கத்தில் லீல் நகரத்தில், ஒரு விளையாட்டு மண்டபத்தில் பூசை வைத்துப் பிரசங்கம் செய்தார். பூசையைப் பற்றிய பிரசங்கத்தில் திடீரென்று அர்ஜெண்டைனா தேசம் வந்தது. அங்கே ஒழுங்கும் கொள்கையும் அதிகாரமும் உள்ள அரசாங்கம் இருக்கிறது என்று புகழ்ந்தார். எது அந்த அரசாங்கம்? அந்த வருஷம் மார்ச் 24-ந் தேதி பீரங்கி வண்டிகளோடு ஆட்சியைப் பிடித்த ஜெனரல் விதேலாவின் ராணுவ சர்வாதிகாரம். தொழிற்சங்க ஊழியர்களையும் மாணவர்களையும் இரவோடிரவாகக் கடத்திக்கொண்டு போய், சித்திரவதை செய்து, பிணத்தைக்கூடக் காட்டாமல் ‘காணாமற்போக’ச் செய்த அரசாங்கம்!

அந்த ‘ஒழுங்கு’ எப்படிப்பட்டது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. லீல் பிரசங்கத்துக்கு 25 நாட்கள் முன்பு, ஆகஸ்டு 4-ந் தேதி, அதே அர்ஜெண்டைனாவில் ஒரு கத்தோலிக்க மேற்றிராணியார் நடுரோட்டில் பிணமாகக் கிடந்தார். பெயர் என்ரிக்கே அஞ்செலெல்லி. லா ரியோஹா மாகாணத்தின் மேற்றிராணியார். அவர் செய்த குற்றம் என்ன? சுரங்கத் தொழிலாளர்களையும் வீட்டு வேலைக்காரப் பெண்களையும் சங்கம் சேரச் சொன்னார். ஒரு பெரும் பண்ணையை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும் என்றார். 1973-ல் அநில்லாக்கோ என்ற ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது நிலச்சுவான்தார்களின் கூட்டம் அவரைக் கல்லெறிந்து விரட்டியது. 1976 ஜூலையில் அவருடைய குருமார் இருவரைக் கடத்திக் கொன்றார்கள். அந்தக் கொலைகளைப் பற்றிய காகிதங்களோடு அவர் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது கார் கவிழ்க்கப்பட்டது. விபத்து என்று ராணுவம் சாதித்தது. 38 வருஷம் கழித்து, 2014-ல், அது கொலைதான் என்று தீர்ப்பாயிற்று. முன்னாள் ராணுவ அதிகாரிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

லீல் மண்டபத்தில் நின்றவர் இந்த மேற்றிராணியாருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ராணுவத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் வாசித்தார்.

இனி மேற்றிராணியார் அபிஷேகத்துக்கு வருவோம். கத்தோலிக்க முறையில் மேற்றிராணியார் கைவைத்துத்தான் குருவை உண்டாக்க முடியும். குரு இல்லாவிட்டால் பூசை இல்லை. 1988-ல் லெபேவருக்கு வயது 82. அவர் கண்ணை மூடினால் சபையின் ஊற்றுக்கண்ணும் மூடிவிடும். ரோமாபுரி இறங்கி வந்தது. சபையிலிருந்து ஒரு மேற்றிராணியாரை ஏற்படுத்தலாம் என்றுகூட ஒப்பந்தம் எழுதினார்கள். மே 5-ந் தேதி லெபேவர் கையெழுத்துப் போட்டார், மறுநாளே பின்வாங்கினார். ஜூன் 30-ந் தேதி எக்கோனில், பாப்பரசரின் உத்தரவில்லாமல், ஃபெலே, திஸ்ஸியே, வில்லியம்ஸன், கலரெட்டா ஆகிய நால்வருக்கு அபிஷேகம் செய்தார்.

உத்தரவில்லாமல் அபிஷேகம் செய்தால் அந்த நிமிஷமே சபைப் பிரஷ்டம் என்பது சட்டம். இந்தச் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? அதற்கு முன்பு பணி நீக்கம்தான் தண்டனை. 1951-ல், கம்யூனிஸ்ட் அரசாங்கங்கள் தங்களுக்குப் பிடித்தவர்களை மேற்றிராணியாராக்கிவிடுமோ என்று பயந்து பிரஷ்டமாகக் கூட்டினார்கள். 1958-ல் சீனாவில் உத்தரவில்லாமல் அபிஷேகம் நடந்தபோது பன்னிரண்டாம் பத்திநாதர் அதைக் காட்டித்தான் இடிமுழக்கம் செய்தார். கம்யூனிஸ்டுகளுக்காக வெட்டிய குழியில் கம்யூனிஸ்ட் விரோதிகளின் தலைவரே விழுந்தார்! சீனத்தோடோ, 2018-ல் வத்திக்கான் ஒப்பந்தம் செய்துகொண்டு ஏழு மேற்றிராணிமாரின் பிரஷ்டத்தை நீக்கியது.

அன்று எக்கோனில் லெபேவருக்குத் துணையாகக் கைவைத்த இன்னொரு கிழவரை விவசாயத் தொழிலாளித் தோழர்கள் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரேசில் தேசத்தில் கரும்புக் காடுகள் நிறைந்த காம்ப்போஸ் நகரின் முன்னாள் மேற்றிராணியார் காஸ்ட்ரோ மையர். 1960-ல் இவரும் வேறு மூவரும் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார்கள். ‘நிலச்சீர்திருத்தம்: மனச்சாட்சியின் பிரச்னை’ என்பது தலைப்பின் அர்த்தம். நிலத்தைப் பங்கிட்டால் பாபமாம்! ஜமீன்தாரின் ஆயிரம் ஏக்கருக்குத் தெய்வமே பத்திரம் எழுதிக் கொடுத்ததுபோல வாதம். புதிய மேற்றிராணிமாரின் தலையில் எண்ணெய் வார்த்த அன்று பக்கத்தில் நின்ற கை, நிலச்சீர்திருத்தத்துக்கு எதிராகப் பேனா பிடித்த கை.

தகப்பனார் நாஜி முகாமில் மாண்டதை ஞாபகம் வைக்கச் சொன்னோம் அல்லவா? 1989-ல் பிரெஞ்சுப் போலீஸார் போல் தூவியே என்பவனைப் பிடித்தார்கள். ஜெர்மானியர்களுக்கு அடியாள் வேலை செய்த படையின் லியோன் நகர உளவுப் பிரிவுத் தலைவன். 1944 ஜூனில் ஏழு யூதர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட உத்தரவிட்டவன். அவன் பிடிபட்டது எங்கே? நீஸ் நகரத்தில் லெபேவர் சபையின் மடத்தில்! வீடற்ற கிழவனுக்கு இரக்கம் காட்டினோம் என்றார்கள். 2009 ஜனவரியில், எக்கோனில் அபிஷேகம் பெற்ற வில்லியம்ஸன் ஸ்வீடன் டெலிவிஷனில் தோன்றி, நாஜிகளின் விஷவாயு அறைகளில் ஒரு யூதரும் சாகவில்லை என்றார். அதே நாட்களில் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அந்த நால்வரின் பிரஷ்டத்தையும் நீக்கினார். பேட்டி விஷயம் தமக்குத் தெரியாது என்று பிறகு விளக்கம் எழுதினார். 2012-ல் சபையே வில்லியம்ஸனை வெளியேற்றியது. காரணம், மேலிடத்துக்குக் கீழ்ப்படியவில்லையாம்! பாப்பரசருக்குக் கீழ்ப்படியாதவர்கள் சொன்ன காரணம் இது. சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

திருச்சபை மேலிடம் மட்டும் யோக்கியமா? தராசைப் பாருங்கள். பிரான்ஸில் சில குருமார் அங்கியைக் கழற்றிவிட்டு ஆலைகளிலும் துறைமுகங்களிலும் கூலிக்கு வேலை செய்தார்கள். சங்கத்தில் சேர்ந்தார்கள், வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். மொத்தம் சுமார் நூறு பேர். 1954 மார்ச் முதல் தேதிக்குள் ஆலையை விட்டு வெளியேறுங்கள் என்று கெடு வைத்தார்கள். ஒப்பந்தம் இல்லை, சமரசம் இல்லை. நிக்கராகுவாவில் ஏழைகளின் புரட்சி அரசாங்கத்தில் மந்திரியாக இருந்த குற்றத்துக்காகக் கவிஞர் எர்னெஸ்டோ கார்டினல் பாதிரியாரை 1980-களில் ஸஸ்பெண்டு செய்தார்கள். 2019-ல், அவருக்கு 94 வயதானபோதுதான் நீக்கினார்கள். எக்கோன்காரர்களுக்கோ, பிரஷ்டம் செய்த 1988-ம் வருஷத்துக் கடிதத்திலேயே திரும்பி வர விரும்புகிறவர்களுக்கு லத்தீன் பூசை தருகிறோம் என்று சமாதானக் கதவும் திறந்திருந்தது. 2015-லிருந்து அவர்கள் கேட்கும் பாவசங்கீர்த்தனமும் செல்லும் என்று பிரான்ஸிஸ் பாப்பரசர் அனுமதித்தார். வலது பக்கம் போனவனுக்குப் பிரம்பு, இடது பக்கம் போனவனுக்கு உலக்கை!

கிறிஸ்தவத் தோழருக்கு ஒன்று சொல்கிறோம். உங்கள் பூசையோடு நமக்கு வழக்கில்லை. சிறு வயதில் கேட்ட லத்தீன் ஓசைக்காக ஒரு பாட்டி ஏங்கினால் அதில் என்ன தப்பு? ஆனால் ‘பாரம்பரியம்’ என்று யாராவது வந்தால், எந்தப் பாரம்பரியம் என்று கேளுங்கள். உங்கள் நெல்லைச் சீமையிலேயே வடக்கன்குளம் கோயிலில் ஜாதிக்கொரு பக்கம் என்று சுவர் வைத்திருந்ததும் பாரம்பரியம்தான். 1910-ல் அதை இடித்தபோது, பாரம்பரியம் போச்சே என்று உயர்ஜாதிக்காரர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள்.

எக்கோனின் நால்வரில் திஸ்ஸியே 2024-லும் வில்லியம்ஸன் 2025-லும் காலமானார்கள். 700-க்கு மேற்பட்ட குருமார் உள்ள சபைக்கு அந்த நால்வரில் மிஞ்சியவர்கள் இருவர். அபிஷேகச் சண்டை ஓயாது. அடுத்த தடவை பத்திரிகைகளில் தங்க அங்கியும் தூபப்புகையுமாகப் படம் வரும்போது, டீக்கடையில் நம்மை மறித்த இரண்டாவது தோழரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாமல் படிக்கட்டும்.

2019 ஏப்ரல் 27-ந் தேதி லா ரியோஹாவில் அஞ்செலெல்லிக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். கடத்திக் கொல்லப்பட்ட இரண்டு குருமாருக்கும் கொடுத்தார்கள். நான்காவது பெயர் வென்ஸெஸ்லாவோ பெதெர்னேரா. சாமியார் அல்ல, விவசாயத் தொழிலாளி, கூட்டுறவுச் சங்க ஊழியர். 1976 ஜூலை 25-ந் தேதி இரவு வீட்டு வாசலில், மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க, அவரைச் சுட்டார்கள். லீல் நகரத்தில் அந்த ‘ஒழுங்கு’க்குப் புகழ்மாலை சூட்டப்பட்டபோது அவர் செத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.