ரவுட்டரை அணைக்கும் முன் எண்ணிப் பாருங்கள்

வீட்டில் இணையம் மெதுவானால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? ரவுட்டரை அணைத்து, பத்து விநாடி காத்திருந்து, மீண்டும் முடுக்கிவிடுவீர்கள். பல நேரம் அது சரியாகியும் விடும். அதனால் 'அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்' என்பது நம் எல்லாருக்கும் பழகிப்போன கைவைத்தியம் ஆகிவிட்டது.

வீட்டோடு நின்றால் இதில் பெரிய கேடு இல்லை. ஆனால், இரண்டு அலுவலகங்களின் கணினி வலையமைப்புகளை இணைக்கும் பாதையில் தரவு தொலையும்போதும் பலர் இதையே முதல் வேலையாகச் செய்கிறார்கள். அதைப் பழுதுபார்ப்பு என்று என்னால் ஏற்க முடியாது. பல நேரங்களில் அது தடயத்தை அழிக்கும் வேலை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூற்றுக்கு ஒன்று தொலைந்தால் என்ன?

ஷா ஆலாமில் தலைமை அலுவலகமும் ஈப்போவில் கிளையும் உள்ள ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு இருக்கிறது. ஷா ஆலாமிலிருந்து 30 லட்சம் பைட் அளவுள்ள ஒரு கோப்பை ஈப்போவுக்கு அனுப்புகிறார்கள். அது முழுதாகப் போகாது. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகும். ஒரு பொட்டலத்தின் அளவு வழக்கமாக 1500 பைட்டைத் தாண்டாது. அதிலும் முகவரி முதலிய விவரங்கள் போக, 1460 பைட் அளவுக்குத்தான் கோப்பின் உள்ளடக்கம் இருக்கும். ஆக, இந்தக் கோப்புக்கு 2000க்கும் மேற்பட்ட பொட்டலங்கள் தேவை.

அவற்றில் நூற்றுக்கு ஒன்று வழியில் தொலைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 20 பொட்டலங்கள் போய்ச் சேராது. ஆனாலும் கோப்பு சிதையாது. டி.சி.பி. என்ற விதிமுறைப்படி, பெறும் கணினி எதுவரை வந்தது என்று பதில் அனுப்பும். வராததை அனுப்பிய கணினி மறுபடியும் அனுப்பும். அப்படியானால் ஒரு விழுக்காடு தொலைந்தால் என்ன குடிமுழுகிவிடும்?

வேகம் முழுகிவிடும். பொட்டலம் ஒன்று தொலைந்தால், 'பாதையில் நெரிசல்' என்று எண்ணி டி.சி.பி. தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 1997இல் மாத்திஸ் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். வழக்கமான டி.சி.பி. முறையில், கிடைக்கும் வேகம் இழப்பு விகிதத்தின் வர்க்க மூலத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். பொட்டலம் போய் பதில் திரும்ப 10 மில்லிவிநாடி ஆகிறது, இழப்பு 1 விழுக்காடு என்றால், ஒரு கோப்புக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 14 மெகாபிட்தான்.

இந்தக் கணக்கில் இணைப்பின் 100 மெகாபிட் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நிறுவனம் கூடுதல் பணம் கட்டி 500 மெகாபிட் இணைப்பு வாங்கினாலும், பழுதான கம்பியால் அந்த ஒரு விழுக்காடு தொலைந்துகொண்டே இருந்தால், அந்தக் கோப்பு அதே 14இல்தான் ஊர்ந்து போகும். இழப்பை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் வேகத்தின் எல்லை பத்து மடங்கு உயரும். இன்றைய சில புதிய முறைகள் இழப்பை இதைவிட நன்றாகச் சமாளிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால், இணையவழிப் பேச்சில் தொலைந்ததை மறுபடி அனுப்ப நேரமே இருக்காது. சொல் பாதியில் அறுந்துவிடும்.

370 மீட்டரில் ஒரு நெரிசல்

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தரவு வேகம் திடீரென்று சரிந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் வெறும் 400 கெஜம், அதாவது சுமார் 370 மீட்டர். விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதையில் 40 பிட் மட்டுமே போனது. எண்ணூறில் ஒரு பங்கு!

ஆய்வுக்கூடத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து, நிலைமை ஏன் இவ்வளவு மோசமானது என்று ஆராய்ந்தார். நெரிசலில் பொட்டலங்கள் தொலைந்தன. தொலைந்ததைக் கணினிகள் அவசரமாக மறுபடி அனுப்பின. அதனால் நெரிசல் மேலும் கூடியது. மேலும் பொட்டலங்கள் தொலைந்தன. பழுது கம்பியில் இல்லை, கணினிகள் நடந்துகொண்ட முறையில்தான் இருந்தது. மெதுவாகத் தொடங்கி வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவது, பொட்டலம் தொலைந்தால் வேகத்தைக் குறைப்பது என்ற தீர்வை 1988இல் அவர்கள் வெளியிட்டார்கள். இன்றைய இணையமும் அந்த அடிப்படையில் வளர்ந்ததுதான்.

அன்று அவர்கள் இயந்திரங்களை அணைத்துப் போட்டு, 'இப்போது ஓடுகிறது' என்று கைகழுவியிருந்தால் நெரிசல் திரும்பத் திரும்ப வந்திருக்கும். காரணம் மட்டும் கிடைத்திருக்காது.

நான்கு முறை போதுமா?

இழப்பை அளக்க எளிய கருவி ஒன்று உண்டு. 'பிங்' என்ற அந்த நிரலை 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் எழுதினார். நீரடியில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் கருவியின் ஓசைதான் அதன் பெயர். ஒரு பொட்டலத்தை அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அது பார்க்கும்.

விண்டோஸ் கணினியில் பிங் தானாக நான்கு பொட்டலங்களை மட்டுமே அனுப்பும். நான்குக்கும் பதில் வந்தால் 'இணைப்பில் கோளாறு இல்லை' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்கள் நிகழ்தகவுப் பாடத்தை இங்கே கொண்டு வாருங்கள். ஒரு விழுக்காடு இழப்புள்ள பாதையில் ஒரு பொட்டலம் தப்பிப் போக வாய்ப்பு 0.99. நான்கும் தப்பிப் போக வாய்ப்பு 0.99ஐ நான்கு முறை பெருக்கினால் வரும் 0.96. அதாவது, பழுதான பாதை 100க்கு 96 முறை நல்ல பாதையைப் போலவே காட்சி தரும்! 100 பொட்டலங்கள் அனுப்பினாலும்கூட ஒன்றும் தொலையாமல் போக 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 500 அனுப்பினால்தான் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவு எழுதினால் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா? அலுவலகத்தில் மட்டும் ஏன் ஒப்புக்கொள்கிறோம்?

எங்கே தொலைகிறது?

அடுத்த வேலை, பாதையைத் துண்டுகளாகப் பிரிப்பது. ஷா ஆலாம் கணினியிலிருந்து அங்குள்ள ரவுட்டர் வரை ஒரு துண்டு. அங்கிருந்து ஈப்போ ரவுட்டர் வரை ஒரு துண்டு. ஈப்போ ரவுட்டரிலிருந்து அங்குள்ள கணினி வரை மூன்றாவது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தால், 'கோளாறு உங்கள் பக்கம்தான்' என்று இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று குறை சொல்லும் சண்டை அதோடு முடிந்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை. வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கருவிகளும் உண்டு. அதில் நடுவில் உள்ள ஒரு ரவுட்டர் சரியாகப் பதில் தரவில்லை, ஆனால் அதைத் தாண்டிய ரவுட்டர்கள் எல்லாம் ஒழுங்காகப் பதில் தருகின்றன என்றால், அந்த நடு ரவுட்டர்மீது பழிபோடாதீர்கள். பொட்டலங்களைக் கடத்துவதுதான் அதற்கு முதல் வேலை. உங்களுக்குப் பதில் சொல்வது அப்புறம்தான்.

இடம் தெரிந்தபின் காரணத்தைத் தேடலாம். ஒவ்வொரு காரணமும் ஒவ்வொரு விதமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கம்பி பழுதென்றால், சிதைந்து வந்த பொட்டலங்களின் எண்ணிக்கை சுவிட்சின் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். நெரிசல் என்றால், வேலை மிகுந்த நேரத்தில் மட்டும் இழப்பு தெரியும். சிறிய பொட்டலம் போகிறது, பெரியது ஒன்றுகூடப் போவதில்லை என்றால், வழியில் எங்கோ பொட்டலத்தின் அளவுக்கு வரம்பு குறைவாக இருக்கிறது.

இன்னொன்று மிகவும் தந்திரமானது. கம்பியின் ஒரு முனையில் உள்ள கருவியை, 'ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்' என்று ஒருவர் கையால் அமைத்துவிடுகிறார். மறுமுனைக் கருவியோ தானாகக் கண்டுகொள்ளும்படி விடப்பட்டிருக்கிறது. 100 மெகாபிட் இணைப்பில் அந்த மறுமுனையால் இதை அறிய முடியாது. 'ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது' என்ற பழைய முறைக்கு அது இறங்கிவிடும். ஒன்றிரண்டு பிங் அனுப்பினால் எல்லாம் நலம் என்று தோன்றும். பெரிய கோப்பை அனுப்பும்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் 'பேசி' மோதிக்கொள்ளும்.

இப்போது கருவியை அணைத்துப் போட்டால் என்ன ஆகும்? அந்த எண்ணிக்கைகள் எல்லாம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். காத்திருந்த பொட்டலங்களின் வரிசை காலியாகும். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாக ஓடும். காரணம் மட்டும் அங்கேயே இருக்கும்.

'ஆராய நேரம் ஏது?'

வேலை நின்றுபோன அலுவலகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு மருந்தகமோ கிடங்கோ முடங்கிக் கிடந்தால் முதலில் அதை ஓட வைக்கத்தான் வேண்டும். அணைத்துப் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, திரையில் உள்ள எண்களைப் படம் பிடித்து, நேரத்தையும் குறித்து வையுங்கள் என்கிறேன். அதன் பிறகு அணைத்தால் அதுவும் ஒரு சோதனைதான். மூன்று நாளில் கோளாறு திரும்பினால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஏதாவது இருக்கும்.

நம் பள்ளிகளில் கணினிப் பாடம் என்றால் நிரல் எழுதுவது என்றே பெரும்பாலும் நினைக்கிறோம். ஓடாத ஒன்றை ஏன் ஓடவில்லை என்று முறையாகக் கண்டுபிடிப்பதையும் ஒரு செய்முறைப் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு விலை உயர்ந்த கருவிகள் வேண்டாம். ஒரு கணினி, ஒரு ரவுட்டர், ஓர் அட்டவணை போதும்.

பாடம் வரும்வரை நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வார இறுதியில் பெற்றோரிடம் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டு ரவுட்டருக்கு 500 பிங் அனுப்புங்கள். முதலில் கம்பி வழியாக, பிறகு கம்பியில்லா இணைப்பில் அதே அறையிலிருந்து, அதன்பின் கதவை மூடிய அடுத்த அறையிலிருந்து. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காலையிலும் இரவிலும் செய்து எண்களை எழுதி வையுங்கள். இழப்பு எப்போதும் சீராக வருவதில்லை, கூட்டமாக வந்துபோவதும் உண்டு. அடுத்த முறை வீட்டில் யாராவது 'அதை அணைத்துப் போடு' என்று சொன்னால், அந்த அட்டவணையை அவர்களிடம் காட்டுங்கள்.