நாலு பவுன் எடை

கிட்டு அன்று காலை கத்தவில்லை. பால்காரர் வருவதற்கு முன்பே கூண்டுக்குள்ளிருந்து கிளம்பும் சளசளப்புதான் எங்கள் வீட்டுக்குச் சங்கு. சுரங்கத்துச் சங்கு ஓய்ந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அப்பாவுக்கு விடிந்துவிட்டது என்று சொல்ல இந்தக் கையளவுப் பறவைதான் பாக்கி. போய்ப் பார்த்தால், மேல் கம்பில் இருக்க வேண்டியது கூண்டின் தரையில் கிடக்கிறது. உடம்பைப் பந்து போல உப்பிக்கொண்டு, விளக்கைப் போட்டும் கண் திறக்காமல்.

"அதுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்றார் அப்பா, கட்டிலில் இருந்தபடியே. எனக்குத் தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதங்களில் நான் அதிகம் சொன்ன பதில் அதுதான்.

கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அந்தப் பறவைதான். உண்மையில் லவ் பேர்ட் என்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். இது பட்ஜெரிகர், சுருக்கமாக பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டமாகத் திரிவது. 1840-ல் ஜான் கோல்ட் என்ற பறவை ஆராய்ச்சியாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அங்கிருந்து உலகத்து வராந்தாக்கள் அத்தனைக்கும் வந்து சேர்ந்தது. கூட்டத்தில் எது சோர்ந்து தெரிகிறதோ அதைத்தான் வல்லூறு தூக்கும். அதனால் நோயை மறைப்பது இதற்குப் பிறவிக் குணம். நம் கண்ணுக்குப் பட்டு நாம் பதறும்போது, நோய் வந்து பல நாள் ஆகியிருக்கும்.

நோயை மறைப்பது பற்றி எங்கள் வீட்டுக்குப் புதிதாக யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்பா சாம்பியன் ரீஃபில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும் வரை கீழே இறங்கினார். இருமல் அதற்குப் பல வருடம் முன்பே வந்துவிட்டது. மார்பில் கோளாறு என்று தெரிந்தால் மேலே அனுப்பிவிடுவார்களோ, சம்பளம் குறையுமோ என்ற பயத்தில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவார். பிறகு ஓர் இடத்தில் டி.பி. என்றார்கள், இன்னோர் இடத்தில் பீடி என்றார்கள். பாறைத் தூசி நுரையீரலில் படிந்த சிலிகோசிஸ் என்று எழுத்தில் வர வெகுகாலம் ஆயிற்று. இத்தனைக்கும் இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் பதிவான இடங்களில் ஒன்று இதே கோலார்தான், 1940-களில்.

கிட்டுவுக்கு வருகிறேன். காரணம் தெரியாவிட்டாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: சூடு. முப்பது நாற்பது கிராம் உடம்பு, தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே தெம்பு முழுவதையும் செலவழித்துவிடும். கூண்டின் மூன்று பக்கமும் துணி போட்டு மூடி, ஒரு பக்கம் 40 வாட் பல்பு எரிய வைத்து, உள்ளே முப்பது டிகிரி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் விட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. எல்.இ.டி. பல்பு சூடு தராது. பழைய இழை பல்புக்காக ராபர்ட்சன்பேட்டை முழுக்க அலைந்தேன். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. நாலாவது கடையில், பரணில் தூசியோடு ஒன்று கிடைத்தது.

பறவைக் கடைக்காரர் மஞ்சள் பொடி ஒன்றை நீட்டினார். தண்ணீரில் கலந்து வைத்தால் எல்லா நோயும் போய்விடுமாம். அது ஆன்டிபயாடிக். பட்ஜி வறண்ட நிலத்துப் பிராணி. நன்றாக இருக்கும்போதே கொஞ்சம்தான் குடிக்கும். சோர்ந்து கிடக்கும்போது எவ்வளவு குடித்தது, எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்று யாரால் சொல்ல முடியும்? கசப்புக்குப் பயந்து அந்தத் தண்ணீரையும் விட்டுவிட்டால்? நான் வாங்கவில்லை. இதை என் புத்திசாலித்தனம் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் இதே பொடியைக் கொடுத்து ஒரு பறவையைப் பறிகொடுத்தவள் நான்.

மாடும் ஆடும் பார்க்கிற ஊரில் பட்ஜிக்கு வைத்தியம் கிடைப்பது அரிது. பெங்களூருவில் பறவை வைத்தியம் தெரிந்த ஒரு டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "எடை எவ்வளவு?" வீட்டில் தராசு ஏது? அட்டைப் பெட்டியில் வைத்து, தெரிந்த நகைக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி சிரிக்காமல் காலிப் பெட்டியை வைத்துப் பூஜ்யமாக்கி, பிறகு கிட்டுவோடு நிறுத்தார். "27 கிராம் 400 மில்லி அக்கா. மூணு பவுன், மூணு கிராம் சொச்சம்." நல்ல நிலையில் நாலு பவுனாவது இருக்க வேண்டும். 120 வருடங்களில் சுமார் 800 டன் தங்கம் வெளியேறிய ஊரில், அந்த நாலு கிராம் எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினோம். வேலைக்காகத் தினமும் பெங்களூரு போய்வரும் கூட்டத்தில், மடியில் பெட்டியும், கைப்பையில் எச்சம் ஒட்டிய காகிதமும். டாக்டர் கிட்டுவை அதிகம் தொடவில்லை. மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவதைத் தூரத்திலிருந்தே பார்த்தார். பிறகு நெஞ்செலும்பைத் தடவினார். கத்தி போல இருக்கிறது என்றார். எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். தின்றுகொண்டே இருந்தும் மெலியும் பட்ஜிகளின் வயிற்றில் ஒரு நுண்ணுயிர் இருக்குமாம். பல வருடங்களாக அதை 'மெகாபாக்டீரியா' என்று அழைத்துவந்து, 2003-ல்தான் அது பாக்டீரியாவே இல்லை, ஒரு வகை ஈஸ்ட் என்று கண்டுபிடித்தார்கள். நோய்க்குத் தப்பான பெயர் வைப்பது மனிதர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. கிட்டுவிடம் அது இல்லை.

அடுத்து கேள்விகள். கூண்டு புதிதா? புதுக் கம்பியின் துத்தநாகப் பூச்சைக் கொத்தித் தின்றால் விஷம். நான்-ஸ்டிக் வாணலி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, அடுத்த அறைப் பறவையைக்கூட நிமிடங்களில் கொல்லும். கொசுவத்தி? சாம்பிராணி? எந்நேரமும் தினை மட்டும்தானா, கீரை உண்டா? எங்கள் ஊர் சயனைடு மேட்டின் தூசியைப் பற்றி நானே கேட்டேன். மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்துக் கொட்டிய மண்; காற்றடிக் காலத்தில் எங்கள் சோற்றில் நறநறக்கும். பறவை மூச்சின் அமைப்பே வேறு, காற்றில் உள்ளதை நம்மைவிட வேகமாக வாங்கிக்கொள்ளும் என்றார். அதை நம்பித்தான் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கானரிக் குருவியைக் கொண்டுபோனார்கள், 1986 வரைக்கும். கோலாரில் கானரி இருந்ததாக அப்பா சொல்லிக் கேட்டதில்லை. தூசிதான் காரணமா என்றதற்கு, "சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில் யாருக்காவது மூச்சுக் கோளாறு உண்டா?"

கிளி இனத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய் ஒன்று இருக்கிறது, சிட்டகோசிஸ். காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தாலே போதும். நிமோனியா போல வரும். 1929-30-ல் பல நாடுகளில் பரவி, அமெரிக்கா கிளி இறக்குமதிக்கே தடை போட்டது. அப்பாவுக்கு 78 வயது. கூண்டு தொங்குவது அவர் கட்டிலின் தலைமாட்டில்.

சோதனைக்கு அனுப்பினோம். இல்லை என்று வந்தது. ஆனால் கிருமி எல்லா நாளும் வெளிப்படாது, ஒரு 'இல்லை'யை நம்பிவிட முடியாது என்று 45 நாள் மருந்து எழுதிக் கொடுத்தார். தினமும் அளந்து, சொட்டுச் சொட்டாக அலகோரம் விட வேண்டும். மருந்து நாட்களில் கடல்நுரை ஓட்டை எடுத்துவிட வேண்டும். அதன் சுண்ணாம்பு மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். கூண்டைப் பெருக்கக் கூடாது. காகிதத்தை நனைத்துச் சுருட்டி எடுக்க வேண்டும், மூக்கைக் கட்டிக்கொண்டு. பறவையும் பெரியவரும் தனித்தனி அறை.

அப்பாவிடம் சொன்னபோது கோபம் வந்துவிட்டது. "முப்பது வருஷம் தின்ன தூசிக்கு இது மேலயா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. கூண்டைப் பின்னறைக்கு மாற்றினேன். அவர் வராந்தாவிலிருந்து சீழ்க்கையடிப்பார். சீழ்க்கை பாதியில் இருமலாகும். பின்னறையில் சத்தமே இருக்காது. சொந்த வீட்டுக்குள் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே சுவர் வைத்துவிட்டு நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, தினமும் காலையில், தீனிக்கு முன், ஒரே நேரத்தில் நிறுத்து நோட்டில் எழுதினேன். 27. 26. 26. ஐந்தாம் நாள் 25. அன்று இரவு பல்பு அணைந்துவிடுமோ என்று இரண்டு முறை எழுந்தேன். பிறகு 26. ஒன்பதாம் நாள் 27. பதினொன்றாம் நாள் பின்னறையிலிருந்து வராந்தாச் சீழ்க்கைக்கு ஒரு கிறீச். அப்பா செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டார்.

மருந்தா, சூடா, கொசுவத்தியை நிறுத்தியதா, தினையோடு முருங்கைக் கீரை சேர்த்ததா, தெரியாது. டாக்டரும் தெரியாது என்றுதான் சொல்கிறார். அவரை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். நாற்பத்தைந்து நாளும் முடிந்தபோது 31. கூண்டு வராந்தாவுக்குத் திரும்பியது. தலைமாட்டில் அல்ல, எதிர்ச் சுவரில், ஜன்னல் பக்கம். காலை நிறுவை மட்டும் நிற்கவில்லை.

போன வாரம் நான் நோட்டை மூடும்போது அப்பா கேட்டார்: "அதுல எனக்கும் ஒரு பக்கம் போடேன்?" துண்டை மறைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். பக்கத்து மருந்துக் கடை எடை மெஷினில் ஏற்றி நிறுத்தினேன். 44 கிலோ 200.