தோற்ற ஆட்டத்தின் கணக்கு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்குப் பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தாலும் தூக்கம் வராது. அந்த ஒரு ரூபாய் பெரிதல்ல. தவறிய இடம் தெரியாவிட்டால் நாளை நூறு ரூபாய் தவறும். ஆனால் அதே குமாஸ்தா ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்தால் இந்தக் கண்டிப்பு காணாமற் போய்விடுகிறது. ஆட்டம் முடிந்ததும் காய்களைக் கலைத்து, அடுத்த ஆட்டத்துக்கு அடுக்கிவிடுகிறார். தோற்றவர் அவசரத்தின்மேல் பழி போடுகிறார். வென்றவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

செய்த தவறாவது வலிக்கும். யானையைப் பறிகொடுத்ததை எவரும் எளிதில் மறப்பதில்லை. ஆனால் நழுவவிட்ட வாய்ப்பு வலிப்பதில்லை. எதிராளி தவறியதே கண்ணில் படாதபோது, இழந்தது என்ன என்று எப்படித் தெரியும்?

மேதைகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2014 நவம்பரில் ரஷ்யாவின் சோச்சி நகரில் உலகப் பட்டத்துக்காக விசுவநாதன் ஆனந்தும் மாக்னஸ் கார்ல்சனும் மோதினர். சமநிலையில் இருவரும் நின்ற வேளை, 6-வது ஆட்டத்தின் 26-வது நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் தமது குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் அவர் பக்கம் திரும்பியிருக்கும். அவரோ ஓரச் சிப்பாயைத் தள்ளினார். அந்த ஆட்டத்தில் தோற்றார். பட்டமும் கைக்கு எட்டவில்லை.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்தது இதற்கு நேர்மாறு. கடைசி ஆட்டத்தில், 55-வது நகர்த்தலில் சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறாக நகர்த்தினார். சென்னைச் சிறுவர் குகேஷ் அதைக் கண்டுகொண்டார். யானைகளையும் பிஷப்புகளையும் மாற்றிக்கொண்டு, சிப்பாய் பலத்தால் வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். எதிராளி தந்ததை ஒருவர் காணவில்லை, மற்றவர் கண்டார். வேற்றுமை அவ்வளவே.

பொழுதுபோக்காக ஆடுவோரின் ஆட்டத்தில் இத்தகைய தருணங்கள் இன்னும் அதிகம். அவற்றைக் காண எழுத்து வேண்டும். போட்டிகளில் நகர்த்தல்களை எழுதுவது விதி; அந்தத் தாளோ பெரும்பாலும் மண்டபத்து வாசலிலேயே கசக்கி எறியப்படுகிறது. பிள்ளை வீடு திரும்பியதும், "ஜெயித்தாயா?" என்பதே பெற்றோரின் முதல் கேள்வி. இல்லை என்றால் ஏச்சு. இரண்டு முறை ஏச்சு வாங்கிய பிள்ளை பலகையையே தொடுவதில்லை.

பயிற்சிக் கட்டணம் தொழிலாளி வீட்டுக்கு எட்டாத பாரம். தோற்ற ஆட்டத்தின் தாளோ காசு கேட்காத ஆசான். அன்று மாலையே, முடிந்தால் எதிராளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தை மீண்டும் நகர்த்திப் பார்க்க வேண்டும். தான் தவறியது எங்கே, அவர் தவறியும் தான் காணாதது எங்கே என்ற இரண்டு கேள்விகளும் வேண்டும். கைப்பேசியைக் கேட்டால் நொடியில் விடை சொல்லும். ஆனால் முதலில் தானே தேடிய விடைதான் மனத்தில் நிற்கும்.

வென்ற ஆட்டத்துக்கும் இதே கணக்கு உண்டு. லாபம் வந்த மாதத்திலும் பேரேட்டைச் சரிபார்ப்பவரே நல்ல கணக்குப்பிள்ளை.