அழிவதற்குள் பார்த்துவிடு என்னும் அழைப்பு

தென்துருவப் பனிக்கண்டம் மாறிப்போவதற்குள் ஒருமுறையேனும் அதைக் கண்டு வர வேண்டும் என்னும் ஆசை, மேலை நாட்டுச் செல்வரிடமிருந்து மெல்ல நம்மவரிடமும் வந்து சேர்ந்துள்ளது. அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள ஊசுவாயா நகரிலிருந்து நூறு, இருநூறு பேரை ஏற்றிக்கொண்டு சிறு கப்பல்கள் புறப்படுகின்றன. கொந்தளிப்புக்குப் பெயர்போன டிரேக் நீர்ப்பாதையை ஏறக்குறைய இரண்டு நாள்களில் கடந்து, அண்டார்க்டிகத் தீபகற்பத்தை அடைகின்றன. அங்கே பயணிகளை ரப்பர்ப் படகுகளில் இறக்கிக் கரைசேர்க்கிறார்கள். பென்குயின்களிடையே சில மணிநேரம் நின்றுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினால் சூடான விருந்தும், அறிஞர் ஒருவரின் சொற்பொழிவும் காத்திருக்கும். கட்டணம் பல இலட்சம் ரூபாய். இதற்கு அவர்கள் சூட்டியுள்ள பெயரோ 'ஆய்வுப் பயணம்'!

இந்த வாணிகத்தை நான் எதிர்க்கிறேன். பயணம் செய்வது குற்றம் என்பதாலன்று. செலவு மிகுதி என்பதாலும் அன்று. ஒரு பொருள் அழிந்துகொண்டிருக்கிறது என்பதையே அதன் விற்பனைச் சிறப்பாக்குவது மனச்சான்றை மழுங்கச் செய்யும் செயல் என்பதாலேயே எதிர்க்கிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை மறைக்க வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டு ஏழு பயண நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு சங்கத்தை நிறுவின. அதன் விதிகள் கண்டிப்பானவை. ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் எவரையும் கரையில் இறக்கக் கூடாது. ஓரிடத்தில் ஒரே வேளையில் நூறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. இறங்குமுன் காலணிகளைக் கழுவி, ஆடைகளில் ஒட்டியுள்ள விதைகளை அகற்ற வேண்டும். பென்குயினை ஐந்து மீட்டருக்கு இப்பால் நின்றே பார்க்க வேண்டும். நம்மூர்ச் சுற்றுலாத் தலங்களில் இத்தகைய ஒழுங்கைக் கனவிலும் காண இயலாது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், ஒவ்வொருவரும் ஒழுங்காக நடந்துகொள்வது வேறு. எத்தனை பேர் போகலாம் என்பது வேறு. 1990களின் தொடக்கத்தில் அங்குச் சென்றோர் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு. 2023-24 பருவத்தில் இத்தொகை 1,20,000ஐக் கடந்துவிட்டது. காலணியைக் கழுவலாம், கப்பலின் புகையைக் கழுவ முடியுமா? அப்புகையிலுள்ள கரித்துகள் வெண்பனிமேல் படிந்து அதைக் கருமையாக்குகிறது. கருத்த பனி வெயிலை உள்வாங்கி விரைந்து உருகுகிறது. 2016 முதல் 2020 வரை அங்குச் சென்ற பயணி ஒவ்வொருவராலும் ஏறத்தாழ 83 டன் பனி கூடுதலாக உருகியது என்று, 2022இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பனியைக் காணச் செல்பவரே பனியைக் கரைக்கிறார்!

இடர்ப்பாடும் இல்லாமலில்லை. துருவப் பயணிகளுக்கென்றே 1969இல் கட்டப்பட்ட முதல் கப்பல், பின்னாளில் 'எக்ஸ்புளோரர்' எனப் பெயர்பெற்றது, 2007 நவம்பர் 23 அன்று பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அருகில் வேறொரு கப்பல் இருந்தமையால் 154 பேரும் உயிர்பிழைத்தனர். கப்பலும் அதிலிருந்த எண்ணெயும் கடலுக்கடியில் சென்றன.

இனி, இவ்வாணிகத்தின் தலையாய வாதத்துக்கு வருவோம். கண்ணால் கண்டவர்களே ஒன்றை நேசிப்பார்கள், நேசிப்பவர்களே காப்பார்கள், ஆகவே, சென்று வருவோர் யாவரும் அப்பனிக்கண்டத்தின் தூதுவர்களாகத் திரும்புகிறார்கள் என்கின்றனர். கேட்பதற்கு இனிமையான வாதந்தான். ஆனால் வரலாறு வேறு கூறுகிறது. 1819இல் தென் ஷெட்லாந்துத் தீவுகள் கண்ணில் பட்டவுடன் ஓடிவந்தவர்கள் தோல் வணிகர்கள். சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த மென்மயிர்க் கடல்நாய் இனத்தை ஏறத்தாழத் துடைத்தெடுத்துவிட்டார்கள். காண்பது காப்பதில் முடியும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? நமது பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்வோம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஏறத்தாழ 1,100 எக்டேரில் விரிந்து கிடக்கும் அலையாத்திக் காடு அது. 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தில் அதன் கால்வாய்களைத் தமிழகமே கண்டது. அன்று முதல் இன்றுவரை எத்தனை ஆயிரம் பேர் தோணியேறி அக்காட்டைச் சுற்றி வந்திருப்பார்கள்! அவர்களா அக்காட்டைக் காத்தார்கள்?

நடந்தது இது. கடந்த நூற்றாண்டின் பல பத்தாண்டுகள், அக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டி எடுக்கும் முறை நடப்பில் இருந்தது. வெட்டவெளியான சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து, தாழ்ந்து, தொட்டிபோல் ஆயிற்று. உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்ற, உப்பு ஏறியது, கன்றுகள் மடிந்தன. பழியோ, விறகு பொறுக்கிய, மாடு மேய்த்த ஏழைகள்மேல் விழுந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து காரணத்தைச் சரியாக அறிந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டின. ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியது, உப்புக் குறைந்தது, நட்ட கன்றுகள் நிமிர்ந்தன. காட்டை மீட்டவை தோணியில் சென்றவரின் வியப்பல்ல. பொறுமையான ஆய்வும், சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்த கைகளுமே.

இன்னொன்று: சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை என்பதும் ஓர் அலையாத்தி மரமே. பிச்சாவரத்தில் இன்றும் வளர்கிறது. ஊரின் பெயராகவே நாள்தோறும் நாவில் உலவும் அம்மரத்தை அடையாளம் காட்டத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? அருகிலிருப்பதன்மேல் அக்கறை பிறக்காத நெஞ்சில், பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதன்மேல் இரண்டு வாரத்தில் அக்கறை பிறந்துவிடுமா?

அண்டார்க்டிகா நமக்குத் தொடர்பற்ற இடமன்று என்பதையும் இங்கு உணர வேண்டும். நிலத்தின்மேல் மலையெனக் குவிந்துள்ள பனி, தன் பெரும் எடையால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பால் ஈர்த்து வைத்துள்ளது. அப்பனி கரையுந்தோறும் ஈர்ப்புத் தளர்கிறது. அதனால் பனிக்கண்டத்தின் அருகே கடல்மட்டம் தாழ்ந்து, தொலைவிலுள்ள கடல்களில் சராசரியை விட மிகுதியாக உயர்கிறது. வங்கக் கடலும் அத்தொலைவுக் கடல்களுள் ஒன்று. அங்கே கரைவது தேவனாம்பட்டினத்திலும் சாமியார்பேட்டையிலும் கிள்ளையிலும் ஏறும். 1901 முதல் 2018 வரை உலகின் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. கடல் ஓர் அங்குலம் ஏறினும் அதன் பொருள் என்னவென்று கடலூர் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அன்று அலையாத்திக் காட்டின் மறைவிலிருந்த ஊர்கள், வெட்டவெளியில் கிடந்த ஊர்களை விடக் குறைவாகவே சேதமுற்றன. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் இக்கரையைத் தாக்கியது. கடல் உயர உயர, இனி வரும் ஒவ்வொரு புயலும் இன்னும் சற்று உயரத்திலிருந்து தாக்கும். கப்பலில் சென்று பனியைப் படம் பிடித்தவர் வீடு திரும்பிவிடுவார். கரையோரக் குப்பத்தில் வாழும் மீனவர் எங்கே திரும்புவார்?

சில மறுப்புகள் எழலாம். "நாம் வேளாங்கண்ணிக்கும் உரோமைக்கும் செல்லவில்லையா?" என்பார்கள். செல்கிறோம். ஆனால் அந்த ஆலயங்கள் இடிந்துவிழப் போகின்றன, அதற்குள் பார்த்துவிடுங்கள் என்று எவரும் நமக்குச் சீட்டு விற்பதில்லை. "அறிவியலாரும் கப்பலில்தானே போகிறார்கள்?" என்பார்கள். ஆம், 1982 சனவரியில் டாக்டர் காசிம் தலைமையில் இந்தியக் குழு முதன்முதலாக அங்கே கால் பதித்தது, மைத்ரி, பாரதி என்னும் நம் ஆய்வு நிலையங்கள் அங்குள்ளன. அவற்றாலும் மாசு உண்டு. எனினும் அங்கே திரட்டப்படும் அறிவு, போகாத கோடிக்கணக்கானோருக்கும் உரியது. பயணியின் மகிழ்ச்சியோ அவரோடு முடிகிறது. "நம் மாவட்டத்து நெய்வேலியிலேயே பழுப்பு நிலக்கரியை எரித்துக்கொண்டு, ஒரு சில கப்பல்களைக் குறைகூறலாமா?" என்பது இவற்றுள் கனமான கேள்வி. புவி வெப்பமாவதில் அக்கப்பல்களின் பங்கு சிறிது, நெய்வேலி போன்ற அனல் நிலையங்களின் பங்கு பெரிது என்பது உண்மையே. அதையும் மாற்றியாக வேண்டும். ஆனால் குடிசையில் எரியும் ஒரு விளக்குக்கான புகையையும், வேடிக்கைக்கான புகையையும் ஒரே தராசில் வைப்பது நீதியாகாது. தேவையைக் குறைக்கச் சொல்லுமுன் கேளிக்கையைக் குறைக்கச் சொல்வதே முறை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? 1959இல் கையெழுத்தான அண்டார்க்டிக ஒப்பந்தத்தில் இந்தியா 1983இல் சேர்ந்தது. அவ்வாண்டிலேயே முடிவெடுக்கும் உரிமையுள்ள நாடுகளுள் ஒன்றாகவும் ஆனது. அங்கே முடிவுகள் அனைவரின் இசைவோடுதான் எடுக்கப்படுகின்றன. நம் குரலுக்கு முழு எடை உண்டு. 2024 மே மாதம் கொச்சியில் கூடிய ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில், சுற்றுலாவை ஒழுங்குபடுத்துவது பற்றித் தனிப் பணிக்குழு ஆராய்ந்தது. ஆனால் ஆண்டுக்கு இத்தனை பேர் மட்டுமே என்னும் வரம்பு அங்கே விதிக்கப்படவில்லை. அவ்வரம்பை இந்தியா வலியுறுத்த வேண்டும் என நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்க, கரையோர மக்களாகிய நமக்கு முழு உரிமை உண்டு. அயல்நாட்டில் பொருளீட்டி, ஓய்வுக்காலத்தில் அக்கப்பலில் ஏற எண்ணும் நம் உறவினரிடமும் தயங்காமல் பேசுவோம். அக்கட்டணத்தில் ஒரு பகுதியேனும் கிள்ளைக் கரையில் அலையாத்திக் கன்றுகளை நடவும், அவற்றுக்குக் கால்வாய் வெட்டித் தூர் எடுக்கவும், அவ்வேலையைச் செய்யும் இருளர் குடும்பங்களுக்குக் கூலியாகவும் சேருமானால், பனிக்கண்டத்துக்கும் நம் கடற்கரைக்கும் அவர் செய்யும் நன்மை அதுவே.