ஜுரம் விட்ட நாலாம் நாள்

"மாமி, குழந்தைக்கு ஜுரம் விட்டுடுத்து! இனிமே ரத்தப் பரிசோதனை வேண்டாமோல்லியோ?"

2017 அக்டோபரில் எங்கள் மந்தைவெளி வீட்டு மாடிப் போர்ஷன் பெண் இப்படிக் கேட்டுக்கொண்டே இறங்கி வந்தாள். அந்த வருஷம் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு. அவளுடைய எட்டு வயதுப் பையனுக்கும் அதேதான். மூன்று நாள் கொதித்த உடம்பு அன்று ஜில்லென்றிருந்தது. ஆனால் பையன் எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். எனக்கு அது சரியாகப் படவில்லை.

"அவசியம் போயிட்டு வந்துடும்மா. நானும் வரேன்" என்றேன்.

ரிசல்ட் வந்தது. இரண்டாம் நாள் 4,800 இருந்த வெள்ளணு 2,900. 1,60,000 இருந்த பிளேட்லெட் 72,000. அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். டாக்டரோ வேறொரு வரியில் விரலை வைத்தார். பி.சி.வி. 36-லிருந்து 44!

நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்பதுதான் பி.சி.வி. அது ஏறினால் ரத்தம் ஊறிவிட்டதென்று சந்தோஷப்படத் தோன்றும், இல்லையா? டெங்குவில் அப்படியில்லை. ஜுரம் இறங்கும் சமயம் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியும். ரத்தத்தின் நீர் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிடும். குழம்பு சுண்டினால் கெட்டியாவதில்லையா, அதே கதைதான். கவனிக்காவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். நாலாம் நாளிலிருந்து ஓரிரு நாள் இந்தக் கண்டம்.

உடனே அட்மிட் செய்து, அளந்து அளந்து ஸலைன் ஏற்றினார்கள். மறுநாள் பிளேட்லெட் 48,000. "ஏத்திடுங்கோ டாக்டர்!" என்று பாட்டி பதறினாள். "ரத்தக் கசிவு இல்லை, ஏற்ற வேண்டாம். தானே ஏறும்" என்றார். ஏழாம் நாள் ஏறத்தான் செய்தது. (பாட்டி ரகசியமாகப் புகட்டிய பப்பாளி இலைச் சாற்றால் பையன் வாந்தி எடுத்ததுதான் மிச்சம்!)

டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கொடுத்துவிடாதீர்கள். ரத்தக் கசிவை அவை அதிகமாக்கும். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், வயிற்று வலி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரியென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பையன் வீடு திரும்பியதும் கொசு வந்த வழியைத் தேடினோம். தொட்டி, பூச்சட்டி எல்லாம் சுத்தம். கடைசியில் ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டை உருவினால், நெளிநெளியாய்ப் புழுக்கள்! கீழே வந்து என் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். அதிலும்.